இன்னிக்கு ஆறுதான்

முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தம்தான். கணினித் திரையில் இயங்கலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும். எங்கள் போதனையாளர், மலாய்க்கார அம்மையார், நாங்கள் எல்லாரும் புவான் என்றே அழைப்போம், தாய்ப்பாலைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். நடுவில் யாருடைய ஒலிவாங்கியிலிருந்தோ கண்ணாடி உரசும் சிணுங்கல் வரும். "யார் அங்கே கிளாஸ் கழுவுவது?" என்று புவான் மலாயில் கேட்பார். கடைசி வரிசைச் சதுரத்தில் அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். பச்சையும் சிவப்புமாக முழங்கைக்குப் பாதிவரை வளையல்கள். வார்டில் வேலை பார்க்கும் தாதி முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது. கல்யாணத்துக்குப் போட்ட வளையலைக்கூட மூன்றாம் நாளே கழற்றிவைத்துவிட்டு வேலைக்குப் போனவர் அவர். வகுப்பு வீட்டுக்கு வந்ததால்தான் வளைகாப்பு வளையல் கையிலேயே தங்கியது. "இந்தக் கொரோனாவால எனக்குக் கிடைச்ச ஒரே நல்லது இதான்லா," என்பார்.

அக்கா என்பது உறவு முறையல்ல. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அவ்வளவுதான். இருவரும் பதிவுபெற்ற தாதியர். வெவ்வேறு மருத்துவமனைகளில் வேலை பார்த்துவிட்டு, மகப்பேற்றுத் தாதிமைப் பயிற்சிக்காக ஈப்போவில் ஒரே கல்லூரிக்கு வந்து சேர்ந்தோம். விடுதியில் ஒரே அறை கிடைத்தது. இரண்டு மாதம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒரே குடையில் நடந்து, ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்து எழுதினோம். அதற்குள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் புந்தோங்கில் அம்மா வீட்டுக்குப் போனேன். அக்கா கோப்பெங்கைத் தாண்டி, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் கட்டிய மலிவு வீட்டுக்குப் போனார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத் தொழிலாளர் லைன் வீடு இருந்த இடத்திலிருந்து அந்த வீடு கூப்பிடு தூரம்தான். ரப்பர் மரங்களெல்லாம் போய், சுற்றிலும் செம்பனையும் வீடுகளும் வந்துவிட்டன. மாமாவுக்கு, அக்காவின் கணவருக்கு, தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. சாலைத் தடைகளால் வாராவாரம் வந்துபோக முடியவில்லை. வீட்டில் அக்காவும் அவருடைய அம்மாவும் மட்டும். அக்கா வயிற்றிலிருந்தது கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு உண்டான பிள்ளை.

பிள்ளைப்பேற்றைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதங்கள் அவை. புவான் ஒரு துணிப் பொம்மையையும் பிளாஸ்டிக் இடுப்பெலும்பையும் வைத்துக்கொண்டு பிரசவம் காட்டுவார். அவருடைய வீட்டுப் பூனை குறுக்கே நடந்து போகும். எங்களில் ஒருத்தி சமையலறையில் உட்கார்ந்திருப்பாள், இன்னொருத்தி வாசலில் நிறுத்திய காடிக்குள் உட்கார்ந்திருப்பாள். கை படியாத படிப்பு என்று நாங்கள் புலம்பினோம். அக்கா மட்டும் புலம்பவில்லை. பாடத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு கையை வயிற்றில் வைத்திருப்பார். புவான் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டால், மற்றவர்கள் குறிப்பைப் புரட்டுவோம். அக்கா கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

சுகாதாரக் கல்வி என்ற பாடத்தில் ஒரு பயிற்சி வந்தது. கிளினிக்குக்குப் போய்த் தாய்மார்களை நேரில் சந்திக்க முடியாது என்பதால், இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் தாயாகவும் ஒருவர் தாதியாகவும் பேசிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். "அந்தத் தாய் வீட்டில் என்ன மொழி பேசுவாளோ, அந்த மொழியில் பேசுங்கள்," என்றார் புவான். அக்கா என்னைக் கேட்காமலே தலைப்பைத் தேர்ந்தெடுத்தார்: வயிற்றில் பிள்ளையின் அசைவைக் கணக்கு வைப்பது. நானும் மறுக்கவில்லை. தாயாக நடிக்க நிறைமாதத்தை நெருங்கும் ஒருத்தி இருக்கும்போது வேறு தலைப்பு எதற்கு?

கர்ப்பிணிகளின் குறிப்பேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் போட்ட பக்கம் உண்டு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி, பிள்ளை அசையும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். பத்து வந்துவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. இரவு ஒன்பதுக்குள் பத்து வரவில்லையென்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது நான் "கருவின் அசைவு" என்று தொடங்கினேன். அக்கா கைப்பேசியிலேயே அதட்டினார். "எந்தப் பொம்பளை கரு அசையுதுன்னு சொல்லுவா? பிள்ளை ஆடுதுன்னு எழுது. உதைக்குது, புரளுதுன்னு எழுது." நான் அழித்துவிட்டு எழுதினேன். நாலு நாள், வகுப்பு முடிந்த பிறகு பிற்பகல்களில், அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் ஒவ்வொரு வரியாகப் பேசிப் பார்த்தோம்.

அப்படி ஒரு பிற்பகலில்தான் இந்தத் தலைப்பை ஏன் எடுத்தார் என்று சொன்னார். அவருக்கு முன்னால் அவருடைய அம்மாவுக்கு ஒரு பிள்ளை. ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் வயிறு சும்மா இருந்திருக்கிறது. அம்மா அதைத் தூக்கம் என்று நினைத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் சீவப் போயிருக்கிறார். மறுநாளும் போயிருக்கிறார். மூன்றாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. "அம்மா இன்னைக்கும் சொல்லும். தூங்குதுன்னு நெனச்சேன், தூங்குதுன்னுதான் நெனச்சேன்னு. வேற ஒண்ணும் சொல்லாது," என்றார் அக்கா. பிறகு, "அந்த வார்த்தையை அப்படியே உள்ள போடு," என்றார்.

போட்டோம். பதிவில் அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு, வெட்கப்படும் இளம் தாயைப் போலச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நான் தாதியின் சீருடையில், ஊர் வழக்கில் மிஸ்ஸியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். "மிஸ்ஸி, இன்னிக்குப் பிள்ளை கொஞ்சமாத்தான் ஆடுது. மணி இன்னும் ஒம்போது ஆகலையே, பாத்துட்டு அப்புறம் வரட்டுமா?" என்று அக்கா கேட்பார். நான் சொல்வேன்: "காத்திருக்க வேணாம்மா. தூங்குதுன்னு நெனச்சுக்காதீங்க. எப்பவும்போல இல்லன்னு உங்களுக்குத் தோணுனா அப்பவே கிளம்பி வாங்க." அதற்கடுத்த வரி முதலில் இல்லை. ஒத்திகையின்போது அக்காதான் சேர்த்தார். "சும்மா வந்தீங்கன்னு யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க." தாய்மார்கள் வராமல் இருப்பது தெரியாமையால் அல்ல, பயத்தால்தான் என்று அவர் சொன்னார். பத்துப் பதினோரு வருஷம் வார்டில் நின்றவருக்குத் தெரியாதா? ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்படும் தாயைப் பார்த்து யாராவது ஒருத்தர் முகம் சுளித்திருப்பார். அந்தச் சுளிப்பு மூன்று தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

பதிவை அனுப்ப வேண்டிய கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. எங்கள் வீட்டு இணையம் அன்றைக்கென்று படுத்துவிட்டது. கோப்பு பாதி ஏறும், நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். நான் கணினி முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அக்காவிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"இன்னிக்கு ஆறுதான். காலையிலருந்து ரொம்ப சும்மா இருக்கு."

நான் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. படித்துவிட்டு, திரையில் ஏறிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தேன். பிறகு ஒரு கையால் தட்டினேன்: "தூங்குது போலக்கா. குளிர்ச்சியா ஏதாவது குடிச்சிட்டு இடது பக்கம் படுத்துப் பாருங்க. ஒம்போது வரைக்கும் டைம் இருக்குல்ல."

"ஆமாலா. போனா நம்ம ஆளுங்களே சிரிப்பாங்க, மிஸ்ஸியே இப்படிப் பயந்தா எப்படின்னு," என்று பதில் வந்தது. சிரிக்கும் முகம் ஒன்றும் சேர்த்திருந்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கோப்பு ஏறி முடிந்தது. "போயிருச்சு!" என்று அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்குப் பிறகு நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா தோசை சுட்டுக் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை வகுப்பில் அந்தச் சதுரம் இல்லை. பத்து மணிக்கு மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் குரலை அதற்கு முன் தொலைபேசியில் நான் கேட்டதில்லை. விடிந்ததும் அக்காவே பக்கத்து வீட்டு அண்ணனின் காடியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இதயத் துடிப்பைத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. "போலீஸ் கடிதம் வாங்கிட்டேன், போய்க்கிட்டிருக்கேன், நீங்க கொஞ்சம் பேசுங்கம்மா, அவ போன எடுக்க மாட்டேங்குறா," என்றார். திரையில் புவான் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் ஒளிப்படக்கருவியை அணைத்துவிட்டு நாற்காலியிலிருந்து தரையில் இறங்கி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை பெண் பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், முன்கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொன்னாராம். சொல்ல முடியாது என்பதை நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதில் ஆறுதலும் இருக்கிறது, அதைவிடப் பெரிய வேதனையும் இருக்கிறது. மாமாவும் அவருடைய தம்பியும் மட்டும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத நாட்கள். நான் அக்காவைப் பார்க்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. அதைக் கடக்க முடியாததற்குச் சட்டம் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளை போன மூன்றாம் நாள் அவரே அழைத்தார். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அழுகை இல்லாத, வறண்ட குரல். "பால் கட்டிக்கிச்சு," என்றார். "கல்லு மாதிரி இருக்கு. உன் நோட்ஸை எடு. இதுக்கு என்ன போட்டிருக்கு, படி."

எடுத்தேன். தாய்ப்பால் பாடம் எங்கள் குறிப்பில் பதினெட்டுப் பக்கம். பிள்ளையை எப்படிப் பிடிப்பது, எப்படி வாயில் வைப்பது, எத்தனை மணிக்கு ஒருதரம் கொடுப்பது, வேலைக்குப் போகும் தாய் எப்படிச் சேமிப்பது என்று எல்லாம் இருந்தது. புரட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கத்தில், குழந்தை இறந்துவிட்ட தாய்க்கு என்று ஒன்றரை வரி. இறுக்கமான உள்ளாடை, குளிர்ந்த ஒத்தடம், மருத்துவர் சொன்னால் மாத்திரை. படித்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"பாக்குறவங்க என்ன பேசணும்னு போடலையா?"

"போடல."

பிறகு, "ஐஸ் வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வியாழக்கிழமை அனுப்பிய செய்தியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அன்று மாலை என் கைப்பேசியிலிருந்து அந்த உரையாடலை அழித்தேன்.

விடுப்பு இருந்தும் ஐந்தாவது வாரத்தில் வகுப்புக்குத் திரும்பினார். பயிற்சியை முடிக்காமல் விட்டால் பிறகு எப்போதும் முடிக்க மாட்டேன் என்று புவானிடம் சொன்னாராம். கைகள் வெறுமையாக இருந்தன. பின்னாலிருந்த திரைச்சீலையைக்கூட மாற்றியிருந்தார். அன்றைய வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. முடிந்ததும் எங்கள் இருவரை மட்டும் இருக்கச் சொன்னார் புவான். எங்கள் பதிவுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் என்றும், ஆனால் அதை இனி யாருக்கும் காட்டப்போவதில்லை, அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னார். அக்கா உடனே மலாயில் பதில் சொன்னார். வேண்டாம் புவான், அழிக்காதீர்கள், அதில் உள்ள பதில் சரியான பதில், நான்தான் கேட்கவில்லை.

நான்தான் கேட்கவில்லை. என் சதுரம் அவர் சதுரத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒலிவாங்கியை அழுத்தி, இல்லை புவான், அவர் கேட்டார், நான்தான் வேறு பதில் சொன்னேன் என்று சொல்ல எனக்கு ஒரு விரல் போதும். அந்த விரல் எழவில்லை. புவான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தை முடித்தார். திரை கறுத்து, அதில் என் முகம் தெரிந்தது.

நாங்கள் இருவரும் தேர்ச்சி பெற்றோம். அக்கா பிரசவ அறையைக் கேட்கவில்லை. தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு கிளினிக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த தாய்மார்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. பிள்ளையில்லாமல் வீட்டுக்கு வந்தவர்களையும் பார்ப்பார். அப்படிப்பட்ட வீடுகளுக்கு மற்ற தாதியர் போகத் தயங்கும்போது இவர் தானே கேட்டு வாங்கிக்கொள்வதாக அங்கு வேலை செய்யும் ஒருவர் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவோம். பொங்கலுக்கு அனுப்புவோம். நெருக்கமானவர்கள் இருவர் ஒன்றைப் பேசாமலே எத்தனை வருஷம் ஓட்ட முடியுமோ அத்தனை வருஷம் ஓட்டினோம்.

இப்போது நான் ஈப்போவில் ஒரு தாதியர் கல்லூரியில் போதிக்கிறேன். மகப்பேற்றுப் பயிற்சியில் இருப்பவர்கள் பல ஊர் மருத்துவமனைகளில் சிதறிக் கிடப்பதால் சுகாதாரக் கல்வி இன்றும் இயங்கலையில்தான் நடக்கிறது. புவான் ஓய்வுபெறுவதற்கு முன் எங்கள் பதிவை, அக்காவிடம் அனுமதி கேட்டு, திரையின் கீழே மலாயில் எழுத்தோட்டமும் சேர்த்து எனக்கு அனுப்பிவைத்திருந்தார். ஒவ்வொரு குழுவுக்கும் அதைக் காட்டுகிறேன். காட்டும்போது நான் திரையைப் பார்ப்பதில்லை. மேசையில் ஏதாவது எழுதுவதுபோல் குனிந்துகொள்வேன். இந்த முறை பதிவு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள். வகுப்பில் எதையும் கலகலப்பாகக் கேட்கும் பெண். "மிஸ், அந்த அம்மா நெசமாவே மாசமா இருக்காங்கதானே? ரொம்ப அழகா இருக்காங்க. என்ன பிள்ளை பொறந்துச்சு, பையனா பொண்ணா?"

இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி வகுப்பை முடித்தேன். நேரம் முடியவில்லை. இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

அன்று பிற்பகலிலேயே அக்காவை அழைத்தேன். ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து காடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். நலம் விசாரித்தோம். மாணவி கேட்டதைச் சொன்னேன். பிறகு, இனியும் தள்ளிப்போட்டால் என்னால் முடியாது என்று தோன்றியது.

"அக்கா, அன்னிக்கு நீங்க மெசேஜ் அனுப்புனீங்க. நான் தூங்குது போலன்னு சொன்னேன்."

"சொன்னே."

"உங்கம்மா கதை தெரிஞ்சும் சொன்னேன். கிளம்புங்கன்னு சொல்லியிருக்கணும்."

சமாதானம் சொல்வார் என்று என் மனசின் ஒரு மூலை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை.

"சொல்லியிருக்கணும்தான்," என்றார். "நானும் போயிருக்கணும். நானும் மிஸ்ஸிதானே. எனக்குத் தெரியாதா?" பிறகு, "நீ எப்பவாச்சும் இதைப் பேசுவேன்னு இருந்தேன்லா. முதல் வருசம் ஒவ்வொரு நாளும் இருந்தேன். உன்மேல கோவமும் இருந்துச்சு, நீ வந்து அழுதா சேந்து அழலாம்னும் இருந்துச்சு. அப்புறம் விட்டுட்டேன்," என்றார்.

நான் அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நான் அழுவதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தார். அவருடைய வேலையே அதுதானே என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

வைப்பதற்கு முன், "கேள்வி கேட்ட பிள்ளைகிட்ட பொண்ணுன்னு சொல்லு," என்றார். "மிச்சத்தையும் சொல்லு. நீ சொன்னதையும் சொல்லு. தெரிஞ்சவங்களே அப்படிச் சொல்லுவாங்க, தெரிஞ்சவங்களே போகமாட்டாங்கன்னு அதுங்களுக்குத் தெரியட்டும்."

அடுத்த வகுப்பில் சொன்னேன். இருபத்திரண்டு பேர் திரையில் இருந்தார்கள். நாலு மணியையும், ஏறாத கோப்பையும், ஒரு கையால் தட்டிய பதிலையும் சொன்னேன். பெண் பிள்ளை என்று சொன்னேன். முடித்தபோது கேள்வி கேட்ட பெண் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். இதுவரை வகுப்பில் வாயே திறக்காத இன்னொரு மாணவி ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"மிஸ், எங்க அக்காவுக்கு எட்டு மாசம். நேத்து என்னமோ சொன்னுச்சு, நான் சரியா கேக்கல. இப்ப போன் பண்ணிட்டு வரவா?"

போ என்றேன். அவள் எழுந்து போனாள். காலியான அவள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, பாடத்தைத் தொடராமல், நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.